மஞ்சள் சூடு

சளிக்கென்று மருமகள் மஞ்சள் கொம்பைத் தீயில் கருக்கினாள். அந்த நாற்றம் என்னை நான் பிறந்து வளர்ந்த ஆலங்குடி வீட்டுக்கு இழுத்துப் போனது.

அன்று காய்ச்சலில் கிடந்த தங்கச்சிக்குக் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. அம்மா அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வலிப்பு அடங்கி, குழந்தை அழவும் ஆரம்பித்த பிறகுதான் தாய்மாமன் கருகிய மஞ்சளோடு வந்தார்.

"நின்னுருச்சுண்ணே, சூடு வேணாம்!" என்று அம்மா தடுத்தாள்.

"ஒனக்கு என்ன தெரியும்?" என்று மஞ்சளைத் தங்கச்சியின் நெற்றியில் அழுத்தினார்.

அவள் வளர்ந்தபின் பெண் பார்க்க வந்தவர்களிடம் அந்தத் தழும்பைக் காட்டி, "வலிப்பு வந்தப்ப நான் சூடு போட்டுப் பொழைக்க வச்ச புள்ள" என்று பீற்றிக்கொண்டார். அவர்கள் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அதற்கும் தங்கச்சியின் ராசியைத்தான் திட்டினார், பாவி.

"அந்த மஞ்சளத் தூக்கி வெளிய எறி!" என்று மருமகளிடம் கத்தினேன்.