மாமாவின் தோப்பு வழியே போன லைன்

ஆடி பிறந்து மேல்காற்று கிளம்பினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மாமாவின் துண்டுதான். ராசிங்காபுரம் தோட்டத்தில் அவர் குனிந்து நிமிர்வதற்குள் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய் வேலிமுள்ளில் போட்டுவிடும். அதை எடுத்து உதறிக்கொண்டே தூரத்தில் சுழலும் காற்றாலைகளை வைவார். என் அம்மாவின் தம்பி அவர். காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அந்தக் காற்றாலைகளைப் பராமரிப்பதுதான் அன்றும் இன்றும் என் வேலை. அதனால் அவர் வைததில் பாதி எனக்கும் சேர்த்துத்தான்.

காத்தாடி மழையை விரட்டுகிறது என்று எங்கள் பக்கத்தில் பலரும் நம்பினார்கள். மாமா அதில் முதல் ஆள். குரங்கணி மலைமேல் கறுத்துத் திரண்ட மேகம் கீழே இறங்காமல் கலைந்துவிட்டால், "அங்க பாரு மாப்ளே, வந்த மேகத்த ஒன் காத்தாடி எப்பிடித் தள்ளுதுன்னு" என்பார். மேகம் மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வருகிறது, காத்தாடி வருவதற்கு முன்பும் அப்படித்தான் என்று நான் விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படிச்சவன் சொல்ற, சரி" என்பார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்.

ஓர் ஆடியில் கூரைத் தகரத்தைத் தூக்குகிற மாதிரி காற்று அடித்தது. ஆனால் காத்தாடிகளில் பாதி அசையாமல் நின்றன. மாமாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவரோ மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராக நான் வேலை பார்க்கிற இடத்துக்கே வந்துவிட்டார்.

"என்ன மாப்ளே, ரிப்பேரா?"

"இல்ல மாமா. நிப்பாட்டச் சொல்லிட்டாக. லைன் தாங்காது."

எங்கள் பக்கத்து லைன் அந்தக் காலத்தில் பம்புசெட்டுக்கும் வீட்டு விளக்குக்கும் மின்சாரம் கொண்டுவருவதற்காக இழுத்தது. இப்போது இங்கிருந்து வெளியே போகவேண்டிய மின்சாரத்தைச் சுமக்க அதற்குத் தெம்பு இல்லை. காற்று மிஞ்சினால் காத்தாடியை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. அந்த நேரத்திலும் எங்கோ மின்சாரத்துக்காக நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கும். இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மாமாவின் முகம், மடை உடைந்து தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்தவர் முகம்போல ஆகிவிட்டது.

"இம்புட்டுக் காத்தும் சும்மாவா போகுது?" என்றார்.

அன்றிலிருந்து காத்தாடி ஓடினாலும் வைவார், நின்றாலும் வைவார்.

பிறகு புதிய பெரிய லைனுக்கு அளந்தார்கள். அது மாமாவின் தென்னந்தோப்புக்கு நடுவே வந்தது. கம்பிக்குக் கீழே உயரமான மரம் எதுவும் நிற்கக் கூடாது. கிணறு வற்றிய கோடைகளில் மாமாவும் அத்தையும் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக் காப்பாற்றிய மரங்கள் அவை. கோர்ட்டுக்குப் போ, வருடக்கணக்கில் இழுத்துவிடலாம் என்று ஊரில் ஆளுக்கொரு பக்கம் ஏற்றிவிட்டார்கள். "லைன வேற பக்கம் திருப்பச் சொல்லேன் அப்பு" என்று அத்தை என்னிடம் கெஞ்சினார். அது என் கையில் இல்லை. அந்த வீட்டுப் படியேறவே எனக்குக் கால் கூசியது.

கடைசியில் மாமாவே போன் செய்தார். "நாளைக்கு வெட்ட வரச் சொல்லு. இன்னிக்கு எனக்குத் தோப்புல சோலி இருக்கு."

மரத்தில் குடியிருக்கும் உயிர்களுக்கு முதல்நாளே சொல்லிவிட்டுத்தான் வெட்டவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்று சாயங்காலம் மாமா மரம் மரமாகப் போனார். தூரில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, "நாளைக்கு வெட்டுறாக. வெரசா வேற எடம் பாத்துக்கங்க" என்று அணிலுக்கும் கிளிக்கும் கண்ணுக்குத் தெரியாத மற்றவற்றுக்கும் சொன்னார். பாதித் தோப்பில் செம்பை அத்தையிடம் கொடுத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மிச்ச மரங்களுக்கு அத்தைதான் சொன்னார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும், நான் இத்தனை வருடம் விளக்கியது வீண்போகவில்லை, மாமா காத்தாடியைப் புரிந்துகொண்டார் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

மறு ஆடிக்குள் லைன் ஓடத் தொடங்கியது. நல்ல காற்று. காத்தாடிகள் ஒன்றுவிடாமல் சுற்றின. அதைக் காட்டுவதற்காகவே மாமாவைத் தேடிப் போனேன். தோப்பு இருந்த இடத்தில், கம்பிகளுக்குக் கீழே, கடலை விதைக்க உழுதுபோட்டிருந்தார். மேற்கே மேகம் திரண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காத்தாடிகளைப் பார்த்தார்.

"இனி நமக்கு மழ இல்ல மாப்ளே" என்றார், கோபமே இல்லாமல். "போகுது. கரண்டாவது வீணாகாம நாலு ஊருக்குப் போய்ச் சேரட்டும்."

நான் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பியிருக்கவில்லை. மழை போய்விடும் என்று முழுமனதாக நம்பிக்கொண்டேதான் தோப்பைக் கொடுத்திருக்கிறார். அதன்பிறகு அவர் இருந்தவரை மேகத்தைப் பற்றி நான் அவருக்கு எதையும் விளக்கவில்லை.