சவேரியம்மாள் பெற்றது நாலு பேர்

சவேரியம்மாள் இன்னும் சாகவில்லை. அதற்குள் அவள் வாழ்க்கை வரலாறு தயாராகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து இரண்டு வார லீவில் வந்த கடைசி மகன் ஜெரால்டு, தாயின் கட்டிலுக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதி முடித்தான். அடக்கப் பூசை முடிவில் அதை ஊருக்கு வாசித்துக் காட்டுவது விராலிமலைப் பக்கம் அவர்கள் கோயிலில் வழக்கம். "கடைசி நேரத்துல இதுக்கெல்லாம் அலைய முடியாது பாரு" என்றான் மனைவி ஷர்லியிடம். ஒரு வேலையைக் குறைத்துக்கொண்டானாம், கெட்டிக்காரன்!

வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லி ஐந்து நாள் ஆகிறது. கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகக் குறைந்துவிட்டது. காது மட்டும் பாம்புக் காது. கூடத்தில் கிசுகிசுத்தால் கட்டிலில் கேட்கும்.

ஜெரால்டு வாசித்தான். "உபதேசியார் குழந்தைசாமியின் அன்பு மனைவி. நாற்பத்தோரு ஆண்டுகள் கணவர் சொல் தட்டாதவர். ஒருநாளும் செபமாலை சொல்லாமல் படுக்காதவர். மூன்று பிள்ளைகளுக்குப் பாசமிகு தாய். ஏழு பேரப்பிள்ளைகளுக்கு..."

"நாலு" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

இருவரும் திடுக்கிட்டார்கள். "என்னம்மா?"

"நாலு. பிலோமி."

அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லி இருபத்தெட்டு வருடம் ஆயிற்று. பிலோமி மூத்த மகள். லாரிப் பட்டறையில் வேலை பார்த்த ராக்கனோடு போய்த் தாலி கட்டிக்கொண்டாள். வேறு சாதி, வேறு சாமி. கோயில் பெரியவர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றுவிட்டு வந்த உபதேசியார், "எனக்கு மூணு புள்ளைகதான். இனிமே அவ பேரு இங்க கேக்கக் கூடாது" என்றார். சவேரியம்மாள் சரி என்றாள். அவள் எதற்குத்தான் சரி சொல்லவில்லை? குழம்பில் உப்புக் கூடியதற்குத் தட்டு முகத்துக்குப் பறந்து வந்தபோது, சிந்திய சோற்றைப் பொறுக்கிவிட்டு வேறு தட்டு வைத்தவள். அதைத்தான் ஊரில் நல்ல மனைவி என்றார்கள். நாசமாய்ப் போக!

அடுத்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை, உச்சி நேரம். கோயிலுக்குக் கிளம்புமுன் உபதேசியார் எல்லாரையும் முழந்தாளிட வைத்து செபம் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து வயது ஜெரால்டும் அம்மா பக்கத்தில்தான் இருந்தான். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா, நான்தாம்மா. காய்ச்சலா இருக்கும்மா. கதவத் தெறம்மா."

அப்போது பிலோமிக்கு ஏழு மாதம். சவேரியம்மாள் எழப் போனாள். உபதேசியார் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒனக்குக் காது கேக்கல" என்றார். அவள் மறுபடி முட்டி போட்டாள். வெளியே "அம்மா, அம்மா" என்று பதினோரு தடவை. எண்ணிக்கொண்டிருந்தாள், பாவி! இன்னும் ஒரு தடவை கூப்பிட்டால் எழுந்துவிடுவது என்று இருந்தாள். பிலோமி கூப்பிடவில்லை.

எட்டாம் நாள் குறைப்பிரசவத்தில் அவள் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. ராக்கன் வீட்டார் எரித்துவிட்டார்கள். கல்லறைகூட இல்லை. கல்லறைத் திருநாளன்று மாமியார் கல்லறையின் ஓரத்தில் சவேரியம்மாள் ஒரு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றினாள். உபதேசியார் அதைச் செருப்புக் காலால் மிதித்து அணைத்தார். இப்போது அவரும் போய் எட்டு வருடம். ஊர் கேட்க ஒரே ஒருமுறை பிலோமி பெயர் ஒலிக்க வேண்டும் என்றால், மிச்சமிருப்பது மகன் கையில் இருக்கும் அந்தத் தாள்தான்.

"நாலுன்னு... எழுதுய்யா."

"அப்பா பேரு என்னாகும்? ஊரே ஒக்காந்திருக்கும்மா."

"எழுதித்தான் வைங்களேன்" என்றாள் ஷர்லி. "பெத்தவங்க கேக்குறாங்கள்ல."

ஜெரால்டு பேனாவைத் திறந்தான். தாளில் குனிந்து எழுதினான். பிறகு உரக்க வாசித்தான். "நான்கு பிள்ளைகளுக்குப் பாசமிகு தாய். மூத்தவர் மறைந்த பிலோமினா. போதுமாம்மா?"

சவேரியம்மாளுக்குக் கண்ணீர் காதுவரை வழிந்தது. "நல்லாயிருப்பே சாமி."

அவன் கூடத்துக்குப் போனான். ஷர்லி பின்னாலேயே போனாள்.

"பரவால்லங்க, எழுதிட்டீங்களே."

"போடி இவளே. சும்மா பேனாவ ஆட்டுனேன். தாள்ல மூணுதான் இருக்கு. அங்கிட்டுக் கெடக்குறது எந்திரிச்சு வந்து படிச்சுப் பாக்கவா போவுது?"

கட்டிலில் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

சாயங்காலம் மேல்மூச்சு வாங்கியது. ஷர்லி போட்ட சத்தத்தில் ஜெரால்டு ஓடி வந்து தாயின் கையைப் பிடித்தான். என்ன இருந்தாலும் பெற்ற பிள்ளை, பதறிப்போனான்.

"அம்மா! நான்தாம்மா. கண்ணத் தெறந்து பாரும்மா."

சவேரியம்மாளுக்கு நன்றாகவே கேட்டது. ஒரு சொல் சொல்லிவிட்டுப் போக உயிரும் இருந்தது. ஆனால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். உனக்குக் காது கேட்கவில்லை என்று கட்டியவன் சொல்லிக் கொடுத்த பாடம்தானே, மறந்தா போகும்? மகன் "அம்மா, அம்மா" என்று கதறக் கதற உள்ளுக்குள் எண்ணினாள். பதினொன்று வரை எண்ணினாள்.

அடுத்த தடவை அவன் கூப்பிட்டபோது கேட்க அவள் இல்லை.

மறுநாள் அடக்கப் பூசையில், மூன்று பிள்ளைகளுக்குப் பாசமிகு தாய் என்று ஜெரால்டு குரல் தழுதழுக்க வாசித்தான். ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது.