ஒரே வரிசை

திருவண்ணாமலையில், விடுதிகள் நிறைந்த தெருவில் ஒரு கம்ப்யூட்டர் அலுவலகம். அங்கே கூட்டிப் பெருக்கி, டீ வாங்கி வருவது என் வேலை. ஊரின் பல விடுதிகளுக்கு 'அறை உறுதி' என்ற மெயில் அங்கிருந்துதான் போகும். அனுப்பும் மென்பொருளை எழுதியவர் எங்கள் இன்ஜினியர். ஐந்தாவதோடு நின்ற எனக்கு, அவர் பேசுவதைக் கேட்டுத்தான் கொஞ்சம் புரியும்.

ஒரே நேரத்தில் நாலைந்து மெயில்தான் போகலாம் என்று அவர் அளவு வைத்திருந்தார். கூடினால் அந்தப் பக்கம் மெயிலை வாங்கிக்கொள்கிற பெரிய கம்பெனிகள் சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திவிடுமாம். விடுதிக்காரர்கள் 'எங்களுது முதல்ல' என்று சண்டை போட்டதால், எல்லாவற்றையும் ஒரே வரிசையில் விட்டிருந்தார். நடுவிலிருந்து ஒன்றை முன்னால் எடுக்கும் வழியை வேண்டுமென்றே வைக்கவில்லை. வைத்தால் தினமும் யாராவது வந்து நிற்பார்கள்.

என் மகள் அங்கேயே டைப் அடிக்கும் வேலையில் இருந்தாள். அலுவலக மெயில் முகவரியிலிருந்தே சென்னையில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். கிடைத்துவிட்டது. சம்மதம் என்று அதே முகவரியிலிருந்து மாலைக்குள் பதில் போக வேண்டும். மறுநாள் பௌர்ணமி; கிரிவலம் வருகிறவர்களுக்கான மெயில்கள் குவிந்திருந்தன. மத்தியானம் அவள் அனுப்பிய பதில் விடுதி மெயில்களுக்குப் பின்னால் நின்றது. சென்னைக்குப் போன் செய்தாள். மெயில்தான் வேண்டும் என்றார்கள்.

யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. இன்ஜினியர் மேசைப் பக்கம் போய் நின்றேன்.

"இன்னாண்ணே, டீயா?"

"இல்ல சார்... பாப்பாவோடது..."

"அத்த மட்டும் எடுக்க முடியாதுண்ணே. இது கோயில் க்யூவா, ஆளப் புடிச்சு உள்ள பூந்துட?"

சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "சரி, அளவ ஜாஸ்தி பண்றேன். மொத்தமா ஓடிடும்."

"வேணாம் சார், சாத்திடுவாங்க" என்றாள் மகள்.

"பௌர்ணமிக்கு ஊரையே தொறந்து வுடறாங்க. கொஞ்ச நேரம்தானே!"

மெயில்கள் விறுவிறுவென்று போயின. அவளுடையது வரிசையின் தலைக்கு வருவதற்குள், வாங்குகிற கம்பெனிகள் கதவைச் சாத்திவிட்டன. நாளைக்கு அனுப்பு என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. அளவைப் பழையபடி குறைத்தும் பயனில்லை. விடுதிகளிலிருந்து போன் மேல் போன். இன்ஜினியர் திட்டு வாங்கிக்கொண்டே இருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலையில் அவளுடைய மெயில் போய்ச் சேர்ந்தது. வேறு ஆளை எடுத்துவிட்டதாகச் சென்னையிலிருந்து பதில் வந்தது.

அடுத்த பௌர்ணமிக்கும் அதே நாற்காலியில் அவள் யார் யாருக்கோ 'அறை உறுதி' என்று அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டீயை வைத்தேன். ஆறி ஆடை படியும் வரை அதை அவள் தொடவில்லை.