சித்தி திருப்பித் தந்த ஒன்பது மாத்திரைகள்

“நாலு வரி இங்கிலீஷ் படிச்சுட்டா பெரிய டாக்டராடி நீ?” என்று சித்தி கேட்டபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். சித்தி அம்மாவின் தங்கை. நீலசந்திராவில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் இருந்தாள். என் முகப்பரு மாத்திரை அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை மீட்டுக்கொண்டு வரத்தான் அன்று அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அந்த வருடம் என் முகத்தில் பரு இல்லாத இடம் மூக்கு நுனி மட்டும்தான். கடலை மாவு, மஞ்சள், வேப்பிலை எல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. அம்மா வேலை செய்யும் வீட்டு ஆன்ட்டிதான் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போகச் சொன்னார். அங்கிருந்த டாக்டரம்மா கன்னடத்தில் வேகமாகச் சொன்ன எல்லாவற்றுக்கும் அம்மா “ஆய்த்து மேடம், ஆய்த்து மேடம்” என்று எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினாள். தினம் ஒன்று வீதம் ஒரு மாதத்துக்கு மூன்று அட்டை மாத்திரை, ராத்திரியில் பூச ஒரு களிம்பு, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள். வெளியே வந்ததும் தாளை அம்மா என்னிடம் நீட்டினாள். எழுத்து என்று எது வீட்டுக்குள் வந்தாலும் என்னிடம்தான் வரும். கரண்ட் பில், ரேஷன் கார்டு, அப்பா வேலைக்குக் கொண்டுபோகும் பெயின்ட் டப்பாவின் மூடி வரைக்கும். குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வத்துக்குப் பருக்களைத் திருஷ்டிப்பொட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

தாளுக்கும் அம்மாவுக்கும் முதல் நாளே ஒத்துப்போகவில்லை. “இது சூட்டு மாத்திரை. வெறும் தண்ணில முழுங்கினா வயிறு வெந்துடும்” என்று பால் காய்ச்சிக் கொடுத்தாள். பாலோடு சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது என்று தாளில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். “தாள் எழுதினவங்களுக்கு உன் உடம்பு தெரியுமா?” என்றாள். ஒருநாள் காலையில் ஒரே மடக்குப் பாலில் மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடியும் பாயில் சுருண்டுகொண்டேன். பள்ளியில் பிரேயர் முடியும்வரை பச்சை மிளகாயை நெஞ்சுக்குள் நிறுத்தி வைத்ததுபோல் எரிந்தது. அம்மா பயந்துபோனாள். அன்றைக்குத்தான் தாள் ஜெயித்தது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர். விழுங்கிய பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. வெயில் சீக்கிரம் சுடும் என்பதால் துப்பட்டாவால் முகத்தை மூட வேண்டும். டாக்டர் சொன்ன காலத்துக்கு மேல் ஒருநாள்கூடத் தொடரக் கூடாது. நம் மாத்திரையை வேறு யாருக்கும் தரக் கூடாது. எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாள், கடைசி ஒன்றைத் தவிர.

அம்மாவைக் குற்றம் சொல்லி என்ன பயன்? எங்கள் சந்தில் குழம்புக் கிண்ணம் கைமாறுவதுபோலத்தான் மாத்திரையும் கைமாறும். ஒரு வீட்டுக் காய்ச்சலில் மிச்சமானது அடுத்த வீட்டுக் காய்ச்சலுக்குப் போகும். கேட்டவளுக்கு இல்லையென்று சொன்னால் அது மாத்திரைக் கஞ்சத்தனம் இல்லை, மனசுக் கஞ்சத்தனம். கொழுந்தனார் கல்யாணம் நெருங்கும் நேரத்தில் தன் கன்னத்தில் திடீரென்று பரு வந்துவிட்டது என்று சித்தி வந்து அழாத குறையாகச் சொல்ல, அம்மா ஒரு அட்டையை முழுசாக எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்கோ அப்போதுதான் முகம் கொஞ்சம் அடங்க ஆரம்பித்திருந்தது. பாதியில் நின்றுபோனால் டாக்டரம்மாவிடம் எப்படிப் போய் நிற்பது?

சித்தியும் அவள் மாமியாரும் ஓட்டலுக்கு அனுப்பப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டதும் சித்தி அந்த டாக்டர் கேள்வியைப் போட்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பையிலிருந்து தாளை எடுத்து, பாடம் ஒப்பிப்பதுபோல் வரிக்கு வரி ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னேன். கடைசியில், “கர்ப்பமா இருக்கிறவங்க, இருக்கலாம்னு நினைக்கிறவங்க, இதைச் சாப்பிடவே கூடாது” என்றேன்.

மாமியார் பூண்டுத் தோலை ஊதிவிட்டுச் சிரித்தார். “அப்போ இவ தாராளமா சாப்பிடலாம். கல்யாணமாகி மூணு வருசமா அந்தத் தொந்தரவே இல்லியே.”

சித்தி சிரிக்கவில்லை. “கடைசியா படிச்சியே, அதை இன்னொரு வாட்டி படி” என்றாள். அடிபணிந்துவிட்டாள் என்று நினைத்து, இன்னும் சத்தமாகப் படித்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அட்டையைக் கொண்டுவந்தாள். பத்தில் ஒன்பது இருந்தது.

“இந்தா உன் சொத்து. பூட்டி வெச்சுக்கோ.”

ஆனால் சந்துமுனை வரைக்கும் கூடவே வந்தாள். குரலை இறக்கி, “ஏய், ஒண்ணே ஒண்ணு முழுங்கியிருந்தா என்னா ஆவும்?” என்றாள்.

“தெரியல சித்தி. அது தாள்ல இல்ல. டாக்டரைத்தான் கேக்கணும்” என்றேன். அத்தனை ஆங்கிலம் படித்துவிட்டுத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது எனக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் காலையில் சித்தி, பரு காட்டப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி என்னைத் துணைக்கு அழைத்துப் போனாள். டாக்டரிடம் பேச நான் தயாராக இருந்தேன். அவளோ என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தனியாக உள்ளே போனாள். வெகுநேரம் கழித்துக் கண் சிவந்து வெளியே வந்தவள், என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நல்ல திட்டு கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் மசாலாபூரி வாங்கித் தந்தாள். தன் தட்டில் இருந்ததையும் என் தட்டுக்குத் தள்ளினாள். “அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாத, இன்னா” என்றாள். தோற்றவளை மன்னிக்கும் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டேன்.

மாதாமாதம் போய்க் காட்டியதில், மூன்றாவது மாதம் டாக்டரம்மா எனக்கு மாத்திரையை நிறுத்திக் களிம்பு மட்டும் போதும் என்றார். அதற்கப்புறம் சித்திக்கு வளைகாப்பு நடந்தது. தெளிந்த முகத்தோடு கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு, என் ஆங்கிலம் சித்தியிடமிருந்து மாத்திரையைப் பிடுங்கிய கதையை வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்து, எதுவும் தெரியாதவள்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில வருடம் கழித்துப் பார்மசி டிப்ளமோ வகுப்பில் ஆசிரியர் அந்த மருந்தின் பெயரைப் பலகையில் எழுதி, வயிற்றிலிருக்கும் குழந்தையின் பல்லையும் எலும்பையும் பற்றிப் பேசியபோதுதான் என் பேனா நின்றது. நாள் தள்ளிப்போயிருந்ததைச் சித்தி அப்போது யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மூன்று வருடம் ஏமாந்தவள் எப்படிச் சொல்வாள்? ஒரு மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம், இனிமேல் தொடாதே என்று டாக்டர் சொல்லும்வரை அந்த ஒரு ராத்திரியை எப்படிக் கழித்தாளோ. நான் அந்த வரியை அவள் மாமியார் முன்னால் இரண்டு தடவை கத்திப் படித்திருக்கிறேன்.

இப்போது மர்பி டவுன் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். போன வாரம் ஓனரோடு வாதாடி, மூலையில் அடுக்கியிருந்த பஞ்சு டப்பாக்களை நகர்த்தி அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். இந்த மாத்திரைச் சீட்டோடு ஒரு பெண் வந்தால், “அக்கா, இப்படி வந்து உக்காருங்க” என்று கூப்பிட்டு, பக்கத்தில் குனிந்து, நாள் ஏதும் தள்ளிப்போயிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்கிறேன். நேற்று வந்தவள் பதில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.