நொச்சி படிந்த ஹீட்டர்

ஏலத்தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு, என் வீட்டுக்காரருக்குக் கால்கள் மரத்துப்போயின. போடிமெட்டுப் பக்கம் ஒரு தங்கும் விடுதியை மூடியபோது, அங்கே வருகிறவர்கள் உட்கார்ந்து ஊறும் சுடுதண்ணீர்த் தொட்டியை, ஜீப்பு ஓட்டும் என் மருமகன் வாங்கிவந்து குரங்கணியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வைத்தார். சாயங்காலமானால் இவரைத் தூக்கி அதில் இறக்கிவிடுவார். கொஞ்ச நேரத்தில் இவர், “உள்ளங்கால் குறுகுறுங்குது புள்ள” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பொழுதெல்லாம் காத்துக்கிடப்பேன்.

மழை பிடித்த நாளில் தண்ணீர் சுடுவது நின்றது. மோட்டார் ஓடும், சூடேற வேண்டிய நேரத்தில் ட்ரிப்பர் சுவிட்சு தானாக விழுந்து எல்லாம் அணைந்துவிடும். மெக்கானிக் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார்.

“கரண்டு சோலி நமக்கு வேணாம் அத்தே, அவரு வரட்டும்” என்று மருமகன் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இவர் காலைத் தடவிக்கொண்டே இருப்பார்.

வெளி ஆண்களிடம் பேச எனக்கு நாக்கு எழாது. ஆனாலும் போடியில் மின்சாமான் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் சொன்னபடி மெயினை அணைத்து, ஹீட்டருக்குப் போகும் வயர்களை மட்டும் கழற்றி, நுனிகளில் டேப் சுற்றிவிட்டு மெயினை மறுபடி போட்டேன். ட்ரிப்பர் விழவில்லை. அப்படியென்றால் கோளாறு ஹீட்டரில்தான். திரும்பவும் மெயினை அணைத்தேன். எந்த வயர் எங்கே என்று மறக்காமலிருக்கக் கலர் கலராகத் துணிக் கிழிசல் கட்டினேன். இரண்டு பக்கத்து வால்வையும் அடைத்து ஹீட்டரை உருவினால், உள்ளே கம்பிச்சுருள் வெடித்திருந்தது. அதன்மேல் இலைச்சக்கை கறுப்பாகத் தீய்ந்து ஒட்டிக் கிடந்தது. மேல்வலிக்கு வெந்நீரில் நொச்சி போடுவோமே, அதேபோல நான் தொட்டியிலும் கைநிறைய உருவிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

போடிக்குப் போய், கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, பையை நீட்டினேன். கடைக்காரர் ஹீட்டரை மோந்து பார்த்தார்.

“ஆத்தா, மனுசருக்குத்தான் நொச்சி ஆவியில வேது பிடிப்பாக. நீங்க ஹீட்டருக்கே பிடிச்சிருக்கீகளே!”

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. “இதே அளவுல ஒண்ணு குடுங்கய்யா” என்றேன்.

“பச்சை வயரு எர்த்து, அதை மட்டும் விட்டுறாதீக. வாசரு ஒட்டி உக்காரணும்.”

பழையதையும் புதியதையும் ஒரே பையில் போட்டு ஊருக்குப் போகும் ஜீப்பு ஏறினேன். மறுநாள் மாட்டினேன். ட்ரிப்பர் விழவில்லை, ஒரு சொட்டும் ஒழுகவில்லை. சாயங்காலம் தண்ணீரில் ஆவி எழும்பியது.

மருமகன் இவரை இறக்கிவிட்டுப் போனார். இவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சுடுதா?” என்றார்.

“சுடுதுங்க. கையில தெரியலையா?”

“கையில தெரியுது.”

தண்ணீருக்குள் குனிந்து காலைக் கிள்ளினார். பிறகு இன்னும் அழுத்திக் கிள்ளினார். தோல் சிவந்தது. முகம் மாறவில்லை.

“பழைய ஹீட்டருச் சூடு வேற மாதிரி” என்றார்.

“ஆமாங்க.”

“அதைத் தூரப் போட்டுட்டியா?”

“இல்ல. பையிலதான் கெடக்கு.”

“வச்சிரு” என்றார்.