அக்காவின் குரலுக்கு மூன்றாம் பதிப்பு

சொந்தக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரீஸ்டார்ட். யார் வீட்டில் எது மக்கர் செய்தாலும், "அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாருங்க" என்பதுதான் அவனுடைய முதல் வைத்தியம். இருபது வருடமாக நிரல் எழுதிப் பிழைக்கிறவனிடம் இதைவிடப் பெரிதாக எதையோ எதிர்பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். பத்துக்கு எட்டு முறை அந்த வைத்தியமே பலித்துவிடும். அது அவர்களுக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

கருத்துகளுக்கு அவனிடம் பஞ்சமில்லை. குரல் கொடுத்தால் எரியும் விளக்கு சோம்பேறிகளுக்கானது. கைப்பேசியால் வீட்டுப் பூட்டைத் திறப்பவன் என்றாவது ஒருநாள் வாசலில் நிற்பான். அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களிடம், "மேனேஜர் ஆகணும்னு மட்டும் ஆசைப்படாதீங்க. மீட்டிங் மீட்டிங்கா ஓடியே ஆயுசு முடிஞ்சிடும்" என்பான். அவனை யாரும் மேனேஜராக இருக்கச் சொல்லிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். எதையும் மூன்று இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று போகிற இடமெல்லாம் சொல்வான். அதே வாயால் செய்திகள் ஒரு வாரத்தில் தானாக அழிவதுதான் பாதுகாப்பு என்றும் சொல்லி, குடும்பத்தார் எல்லோருடைய கைப்பேசியிலும் அப்படியே அமைத்துக் கொடுத்திருந்தான்.

அலுவலக வேலை போக, தனக்கென்று அவன் தொடங்கிய செயலிகள் பதினான்கு. மளிகைப் பட்டியலுக்கு ஒன்று, செடிக்குத் தண்ணீர் ஊற்ற நினைவூட்ட ஒன்று, எந்தப் புத்தகம் யாரிடம் போயிருக்கிறது என்று பார்க்க ஒன்று. ஒன்றுகூட முடியவில்லை. சோம்பலால் அல்ல. பாதிக் கிணறு தாண்டும்போது முதலில் எழுதியது அசிங்கமாகத் தெரியும். உடனே எல்லாவற்றையும் தரைமட்டமாக்கிவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்குவான். "நீங்க வீடு கட்டற ஆள் இல்ல, அஸ்திவாரம் தோண்டற ஆள்" என்று மனைவி சொல்வாள். அவனும் சிரித்துக்கொள்வான்.

அக்கா அவனைவிட ஆறு வயது மூத்தவள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். அவள் "பிரேக்" என்று போடும் சத்தத்தில் பக்கத்து வண்டியும் நின்றுவிடும் என்பார்கள். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. ஆறு வாரத்தில் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், பிறகு பேச்சு வராது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அக்கா அழவில்லை. அன்று சாயங்காலமே தம்பிக்கு ஃபோன் செய்தாள்.

"மெஷின் குரல் எனக்கு வேண்டாம்டா. யாரோ ஒருத்தி என் வீட்ல பேசற மாதிரி இருக்கும். என் குரல்லயே பேசற மாதிரி ஏதாவது பண்ணித் தாயேன்."

அவன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். பிறகு உட்கார்ந்தான். நான்கே நாளில் ஒரு செயலி தயாராகிவிட்டது. ஒரு வாக்கியத்தை எழுதி, அவளே அதைப் பேசிப் பதிவு செய்ய வேண்டும். பிற்பாடு அதைத் தட்டினால் அவள் குரல் கேட்கும். அதை ஒரு பழைய டேப்லெட்டில் போட்டு, "சும்மா தட்டிப் பாரு" என்று கொடுத்துவிட்டு வந்தான். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இரண்டாம் வாரம் அக்கா கூப்பிட்டாள்.

"நீ குடுத்தது நல்லாத்தானேடா இருக்கு. இதையே வச்சுக்கறேனே."

"அது மாதிரிக்குப் பண்ணினதுதான்க்கா. உள்ள ஒரே அசிங்கம். புதுசு வரட்டும்."

"உள்ள என்ன இருந்தா எனக்கென்ன? தட்டினா பேசுது."

"கொஞ்சம் பொறு. பிரமாதமா பண்ணித் தரேன்."

இரண்டாம் பதிப்பைப் பாதியில் கலைத்தான். மூன்றாவதில் படங்கள் சேர்த்தான், பேச்சுகளை வகைவாரியாக அடுக்கினான், அவள் அடிக்கடி தட்டுவது தானாக மேலே வரும்படி செய்தான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றை முடிக்கப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் வாரம் புதன்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். டேப்லெட்டில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டான். சோதனைக்குத் தட்டிய குப்பையோடு புதியதைத் தொடங்கக் கூடாது என்பது அவன் தொழில் பழக்கம். பதிவுகள் எல்லாம் அழியும், சரியா என்று திரை கேட்டது. அந்தக் கேள்வியை எழுதியவனே அவன்தான். படிக்காமலேயே 'சரி' என்று தட்டினான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்வதாக மனசுக்குள் திட்டம். வியாழக்கிழமையே அக்காவுக்கு மூச்சு முட்டியது. கட்டி வீங்கிவிட்டது, இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது, நாளைக்கே அறுவை சிகிச்சை என்றார்கள். அவன் கட்டிலருகே நின்றான். கையாலாகாதவனே, ஐந்து வாரத்தை வீணடித்துவிட்டாயே என்று மனசுக்குள் தன்னையே அடித்துக்கொண்டான். அக்காவோ அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். எல்லாம் தயார் என்பதுபோல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். தைரியம் சொல்கிறாள் என்று நினைத்தான்.

அறுவை முடிந்த நான்காம் நாள், அக்கா கையால் சதுரம் வரைந்து டேப்லெட்டைக் கேட்டாள். கல்லூரியில் படிக்கும் மகள் எடுத்துக் கொடுத்தாள். அக்கா திறந்தாள். 'இன்னும் எதுவும் பதிவு செய்யப்படவில்லை' என்று அழகான எழுத்தில் வந்தது. பின்னால் போய் மறுபடி திறந்தாள். அதே வரி. அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, அம்மா பேசினதெல்லாம் எங்க?" என்றாள் மகள்.

"என்ன பேசினது?"

"நீங்க மொதல்ல குடுத்ததுல. தினம் கிளாஸ் முடிஞ்சதும் கார்லயே உக்காந்து பேசுவாங்க. கண்ணாடிய ஏத்திட்டா வெளிச் சத்தம் வராதாம். முன்னூத்தி பத்து ஆச்சுன்னு போன வாரங்கூடச் சொன்னாங்க."

புதன்கிழமை தட்டிய 'சரி' அவனுக்கு நினைவுக்கு வந்தது. டேப்லெட்டை வாங்கிக்கொண்டு போனான்.

அழித்ததை மீட்க அவனுக்குத் தெரிந்த வழியெல்லாம் முயன்றான். தெரியாததற்குத் தெரிந்தவர்கள் காலில் விழுந்தான். இரண்டு வாரம் அலுவலகம் போகவில்லை. பழைய பதிவுகள் இருந்த இடத்தின் மேலேயே அவன் ஆசையாகச் சேர்த்த படங்கள் உட்கார்ந்திருந்தன. ஊருக்கெல்லாம் மூன்று நகல் எடுக்கச் சொன்னவன், இதற்கு ஒன்றுகூட எடுத்திருக்கவில்லை. கைப்பேசிகளில் அவளுடைய குரல் செய்தி ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று வீடு வீடாகக் கேட்டான். ஒரு வாரத்தில் அழிவது அழிந்திருந்தது. வீட்டு வீடியோக்களில் படம் பிடித்தது எப்போதும் அவள்தான். "தள்ளி நில்லுங்க, தலை வெட்டுப்படுது" என்ற குரல் மட்டும் இரண்டு இடத்தில் கிடைத்தது.

பிறகு ஒரு காலையில் போய் அக்கா எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டான். தான்தான் துடைத்ததாகவும், அதைக் குப்பை என்று நினைத்ததாகவும், இனி வராது என்றும் சொன்னான். அக்கா கழுத்தில் போட்டிருந்த கட்டின் மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நோட்டை இழுத்து எழுதினாள்.

'பரவாயில்லை.'

"பரவாயில்லைன்னு சொல்லாதக்கா. திட்டு. நாலு திட்டு திட்டு."

பக்கத்தில் நின்ற மகள் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். "உங்களுக்குன்னு தனியாவே வச்சிருந்தாங்க மாமா. பன்னெண்டு திட்டு. பேசிட்டு அவங்களே போட்டுப் போட்டுக் கேட்டுச் சிரிப்பாங்க."

"என்னன்னு திட்டினக்கா?"

அக்கா பேனாவை எடுத்தாள். ஒரு வரி எழுதினாள். வாசித்துப் பார்த்துவிட்டு அடித்தாள். இன்னொன்று எழுதி அதையும் அடித்தாள். கடைசியில் கீழே சின்னதாக ஒன்றை எழுதி, நோட்டை அவன் பக்கம் திருப்பினாள்.

'எழுதினா திட்டு மாதிரியே இல்லடா.'

அவன் அதைப் படித்துவிட்டு, நோட்டை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதான். அக்கா அவன் தலையில் கையை வைத்தாள். அவள் உதடுகள் ஏதோ சொல்வதுபோல் அசைந்தன. என்ன சொல்கிறாள் என்று அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வாயை மூடிக்கொண்டாள்.