இணைச்சீருக்கு உட்கார்ந்தவள்

விசாரணைக்கு வி.ஏ.ஓ. வருகிறார் என்று தெரிந்ததும் ராமாமணியக்கா செய்த முதல் காரியம், நாச்சியம்மாள் வீட்டிலிருந்து இரண்டு நாற்காலிகளை இரவல் வாங்கியதுதான். கூடவே எவர்சில்வர் டம்ளர்கள், காப்பித்தூள்.

"அக்கா, ஊட்டுல ஒண்ணுமில்லைங்கறதைப் பாக்கத்தான் அவரு வாராரு" என்றேன்.

"இல்லாததை எப்படிக் கண்ணு காட்டறது? வந்தவங்களை நிக்க வெச்சா பேசுவாங்க?"

வெள்ளகோவில் பக்கத்தில் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள். எல்லாம் நாச்சியம்மாளுக்குச் சொந்தம். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ராமாமணியக்கா. என் அப்பா பஞ்சுக் குடோனில் மூட்டை தூக்குகிறார். அதே குடோனில் அக்கா, திருப்பூரிலிருந்து வரும் பனியன் கழிவுத் துணிகளை நிறவாரியாகப் பிரிக்கிறார். நான் கோவையில் சமூகவியல் முதுகலை படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

அக்கா எங்களைப் போலப் பிறந்தவர் அல்ல. தோட்டம், கிணறு, பட்டி நிறைய ஆடு என்று வாழ்ந்த குடும்பம். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் மைசூர்ப் பக்கம் இன்னொருத்தியோடு போனவன் திரும்பவில்லை. பிறந்த வீட்டில் அண்ணன் பாலுசாமி கொஞ்ச காலம் வைத்திருந்தார். அப்புறம் அண்ணிக்கும் அக்காவுக்கும் ஒத்துவராமல் போனது. ஒரு டிரங்குப் பெட்டியோடு லைன் வீட்டுக்கு வந்தார். அண்ணன் அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு இருமல் பிடித்தது. சுவர் வழியாக எங்களுக்குக் கேட்கும். பஞ்சுத் தூசியை விட்டால்தான் நுரையீரல் பிழைக்கும் என்று ஈரோட்டில் டாக்டர் சொல்லிவிட்டார். கைவிடப்பட்ட பெண்களுக்கான அரசு உதவித்தொகை கிடைத்தால், ரேஷன் அரிசியோடு சேர்த்து எப்படியாவது ஓட்டிவிடலாம், குடோனை விட்டு நின்றுவிடலாம் என்று கணக்குப் போட்டோம். நான்தான் விண்ணப்பித்தேன். அதற்கு ஒரு நிபந்தனை: ஆதரிக்க உறவினர் யாரும் இருக்கக்கூடாது.

வி.ஏ.ஓ. சென்னகேசவன் வந்து இரவல் நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலில் நாச்சியம்மாளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடிவிட்டார்கள்.

"சாப்பாட்டுக்கெல்லாம் என்னம்மா பண்றீங்க?"

"ஒரு கொறையும் இல்லீங்க. நீங்க காப்பி குடிங்க, ஆறிப்போகுது."

"அண்ணனுக்குத் தோட்டம் இருக்குதல்ல. ஏதாச்சும் தர்றாருங்களா?"

அக்கா வாசலைப் பார்த்தார். "தீவாளி, பொங்கல்னு நோம்பிக்கு நோம்பி சேலை வந்துருமுங்க. இதுகூட அவரு எடுத்ததுதானுங்க" என்று முந்தானையைத் தொட்டுக் காட்டினார். அந்தச் சேலையைச் சந்தையில் பேரம் பேசி அவர் வாங்கியபோது நான் பக்கத்தில் நின்றேன்.

வண்டியை எடுக்கும்போது சென்னகேசவன் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, படிச்ச புள்ள நீ. இதை நான் என்னன்னு எழுதறது?"

"அவங்க சொன்னது நெசமில்லீங்க சார்."

"தெரியுதும்மா. நாற்காலி முதுகுலயே நாச்சியம்மாள்னு பெயிண்ட்ல எழுதியிருக்குது. அதைப் பாத்துட்டுத்தான உக்காந்தேன்." சிரித்தார். "ஆனா நாளைக்கு எனக்கு மேல இருக்கறவரு என்னைக் கேப்பாருல்ல? ஆபீசுக்குக் கூட்டிட்டு வா. அண்ணன் தாங்கறதில்லைன்னு அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். எழுதிப்போடறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகக் குழாயடியில் அக்காவிடம் மல்லுக்கு நின்றேன்.

"இணைச்சீருக்கு உக்காந்தவ கண்ணு நானு" என்றார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் நடக்கும் சீர் அது. மாப்பிள்ளையின் பக்கத்தில் அவன் உடன்பிறந்தவள் கூறைச்சேலையோடு உட்காருவாள். கல்யாணம் ஆனாலும் உன்னை விடமாட்டேன் என்று சபை அறிய அண்ணன் தங்கைக்குச் சொல்வதுபோல. "ஊரே பாத்துச்சு. இப்ப நானே போயி, எம் பொறந்தவன் என்னை உட்டுட்டான்னு ஆபீசுல சொல்றதா? பொறந்த ஊட்டுப் பேரை நானே கெடுக்கறதா?"

"உட்டுட்டாருதானுங்களே அக்கா."

"உட்டது அவன். சொன்னா, சொன்னவ நானு."

இருமல் வந்து பேச்சை நிறுத்தியது. குடத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றார். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் கோத்திருந்தது. "செரி, சொல்லிப்போடறேன். ஆபீசுக்குள்ளயேதான? வெளிய தெரியாதல்ல?"

"தெரியாதுங்கக்கா" என்றேன்.

நாங்கள் போனபோது அலுவலகத்தில் பாலுசாமி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடித்த துண்டு. சென்னகேசவன்தான் வரச் சொல்லியிருக்கிறார். "ஒருதலையா எழுதினா நாளைக்கு இவரே வந்து கேப்பாரு. அதனால ரெண்டு பேரையும் வெச்சே கேட்டுப்போடலாம்னு" என்றார். நியாயமாகத்தான் நினைத்திருக்கிறார். அந்த நியாயம் எல்லாவற்றையும் முடித்துவைத்தது.

"ஏனுங்க, தங்கச்சியை நீங்க பாத்துக்கறீங்களா?"

பாலுசாமி நிமிர்ந்தார். பட்டாவுக்கு வந்த நாலைந்து பேர் பெஞ்சில் இருந்தார்கள். "பின்ன ஆருங்க பாப்பாங்க? பொறந்தவளைத் தெருவுல உடற குடும்பமுங்களா எங்களுது?"

"நீங்க சொல்லுங்கம்மா."

அக்கா தரையைப் பார்த்தார். நான் "சார்" என்று ஆரம்பித்தேன். என் மணிக்கட்டை அக்காவின் கை பிடித்தது. நூலும் பிசிறும் ஏறிய கை, சொரசொரப்பாக இருந்தது.

"எங்கண்ணன் பாத்துக்குவாருங்க" என்றார்.

வெளியே வந்ததும் பாலுசாமி டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கும் சேர்த்து. குரலைத் தணித்து அக்காவிடம் சொன்னார்: "அந்தக் குடோனுக்கெல்லாம் போகாத அம்மணி. மேல் ரோட்டுல நீ நடந்து போறதைப் பாத்துட்டு நம்ம சனம் ஒரு மாதிரி கேக்குது."

"செரிங்கண்ணா."

வேறு எங்கே போவது என்று அவரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பும்போது, "ஒடம்பைப் பாத்துக்க" என்றார். அதை மனசாரத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று எழுதிவிட முடிந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. காரணம்: உறவினர் ஆதரவு உள்ளது.

கல்லூரியில் எங்களுக்கு ஒப்பீட்டு வறுமை என்று ஒரு பாடம் உண்டு. பசி மட்டும் வறுமை இல்லை. தன் சமூகத்தில் எல்லோரும் செய்வதைச் செய்ய முடியாமல் போவதும் வறுமை. வந்தவரை உட்காரவைக்க நாற்காலி இல்லாதது அந்த இலக்கணத்துக்குள் கச்சிதமாக அடங்கும். இரவல் வாங்கிப் போட்ட நாற்காலி எதில் அடங்கும்? ஆய்வு வழிகாட்டியிடம் கேட்டேன். "அதைக் கள அனுபவம்னு முன்னுரையில ஒரு பத்தி எழுதிக்கோம்மா" என்றார்.

எனக்கும் அரசு கொடுத்திருக்கிறது. மதியச் சோறு, முட்டை, சைக்கிள், பஸ் பாஸ். உனக்கு யாருமில்லையா என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. வகுப்பில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தார்கள், வரிசையில் நின்று வாங்கிக்கொண்டேன். தட்டை நீட்டுவதற்கு முன் என் அப்பா கையாலாகாதவர் என்று ஊர் கேட்கச் சொன்னால்தான் சோறு என்று இருந்திருந்தால், நான் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று சில நாள் தோன்றுகிறது. இல்லை என்றும் தோன்றுகிறது.

விடுமுறைக்கு வந்தபோது அப்பாவுக்குச் சோறு கொண்டு குடோனுக்குப் போனேன். மேல் ரோட்டில் எனக்கு முன்னால் ஒரு பெண் முகம் முழுக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு நடந்தார். இருமலை வைத்துத்தான் அக்கா என்று தெரிந்தது. தூசிக்குத் துணி கட்டச் சொல்லி டாக்டர் எத்தனையோ முறை சொல்லியும், மூச்சு முட்டுகிறது என்று கேட்காதவர். இப்போதாவது கட்டுகிறாரே என்று பின்னாலேயே போனேன்.

கேட்டைத் தாண்டினார். ரோடு மறைந்தது. துண்டை அவிழ்த்து உதறி இடுப்பில் செருகிக்கொண்டார். வெற்று முகத்தோடு, வெள்ளையாகத் தூசி பறந்துகொண்டிருந்த குவியலுக்கு நடுவே போய் உட்கார்ந்தார்.